பெருக்கல் குறியும் பவானித் தறியும்

ஆடை உலகில் கடந்த இருபது ஆண்டுகளில் ஒரு சிறு குறி பெருமதிப்புப் பெற்றுவிட்டது. இரண்டு நிறுவனங்களின் பெயர்களுக்கு நடுவே இடப்படும் பெருக்கல் குறிதான் அது. 2003இல் பிரான்சின் லூயி வித்தான், ஜப்பானிய ஓவியர் தகாஷி முரகாமியின் வண்ண வடிவங்களைத் தன் கைப்பைகளில் பதித்து விற்றது. 2004இல் சுவீடனின் மலிவு விலை ஆடை நிறுவனமான எச் அண்ட் எம், பாரிசின் புகழ்பெற்ற வடிவமைப்பாளர் கார்ல் லாகர்ஃபெல்டுடன் சேர்ந்து ஆடைகளை வெளியிட்டது. 2017இல் அதே லூயி வித்தான், நியூயார்க் தெரு இளைஞர்களின் அபிமான நிறுவனமான சுப்ரீமுடன் கைகோத்தது. கடை வாசல்களில் நீண்ட வரிசைகள் நின்றன. வாங்கியவர்களில் பலர் அன்றே கூடுதல் விலைக்கு மறுவிற்பனை செய்தனர்.

இந்தக் கூட்டு வெளியீடுகளின் கணக்கு எளிது. ஒருவரிடம் பழம்பெருமை இருக்கிறது, மற்றவரிடம் இளைஞர் கூட்டம் இருக்கிறது. இருவரும் தம்மிடம் உள்ளதைச் சில வாரங்களுக்கு ஒருவருக்கொருவர் வாடகைக்கு விடுகிறார்கள். பொருள் குறைந்த எண்ணிக்கையில் வருகிறது. குறைவாக வருவதாலேயே விலை ஏறுகிறது. இதில் குறை காண நமக்கு ஒன்றுமில்லை. இரு வணிகர்கள் தம் பெயர்களைப் பெருக்கிக்கொள்வது அவர்கள் உரிமை. ஆயின், அந்தப் பொருளை நூற்று, நெய்து, சாயமேற்றித் தைத்த மூன்றாவது தரப்புக்குக் குறியின் எந்தப் பக்கத்தில் இடம் என்ற கேள்வியைக் கொங்கு நாட்டில் வாழும் நாம் கேட்டே ஆகவேண்டும். ஏனெனில் நாம் அந்த மூன்றாவது தரப்பு.

இது மிகைக்கூற்று அன்று. 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் நூற்பாலை தொடங்கிய நாளிலிருந்து இம்மண்ணின் பிழைப்பு பஞ்சோடு பிணைந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி 2024-25 நிதியாண்டில் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாயை எட்டியது. இவற்றுக்கு அப்பால் பவானியின் ஜமக்காளம், சென்னிமலையின் போர்வை, சிறுமுகையின் கோவை கோரா பட்டு, நெகமத்தின் பருத்திச் சேலை என்று தறி ஓசை கேட்கும் ஊர்கள் பல. உலகின் எந்த மூலையிலும் ஒருவர் அணிந்திருக்கும் பனியனின் உட்புறத்தில் நம் ஊர்க் கைகளின் உழைப்பு இருக்கக்கூடும். ஆனால் கழுத்துப் பட்டையில் உள்ள முத்திரை வேறொருவருடையது. ‘இந்தியாவில் தயாரிக்கப்பட்டது’ என்ற சிறு வரியோடு நம் அடையாளம் முடிந்துவிடுகிறது. திருப்பூரின் பெயர்கூட அதில் வருவதில்லை.

பிறர் முத்திரைக்குத் தைத்துக் கொடுக்கும் தொழிலில் லாபம் இல்லாமல் இல்லை. ஆனால் பேரம் பேசும் வலு இல்லை. இறக்குமதியாளர் விலையைச் சொல்வார். கட்டுப்படியாகாது என்றால் வேறு நாட்டுக்குப் போவார். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது திருப்பூர் கலங்கியதற்கு இதுவே காரணம். வாங்குபவர்க்கு வேண்டியது சட்டை. திருப்பூர்ச் சட்டைதான் வேண்டுமென்று கேட்டு வாங்குபவர் அங்கு எவருமில்லை. பெயர் இல்லாத பொருளுக்கு மாற்று எளிதில் கிடைத்துவிடும்.

ஆடம்பர ஆடை உலகமும் இப்போது நிம்மதியாக இல்லை என்பதைச் சேர்த்துப் பார்க்கவேண்டும். கொரோனாவுக்குப் பின் பெரிய நிறுவனங்கள் விலையை ஆண்டுதோறும் ஏற்றின. இரண்டே ஆண்டுகளில் அத்துறை சுமார் 5 கோடி வாடிக்கையாளர்களை இழந்துவிட்டதாகப் பெயின் ஆலோசனை நிறுவனம் 2024 இறுதியில் கணக்கிட்டது. ‘இந்தப் பைக்கு ஏன் இவ்வளவு விலை?’ என்ற கேள்வி எழும்போது, பெருக்கல் குறியால் மட்டும் பதில் சொல்லிவிட முடியாது. கைவேலை, ஊர், மரபு, அதைச் செய்தவரின் கதை ஆகியவையே பதில்களாகத் தேடப்படுகின்றன. ஆக, இனி அவர்கள் நம்மைப் போன்ற ஊர்களின் கதவைத் தட்டுவார்கள். தட்டவும் தொடங்கிவிட்டார்கள். கதவைத் திறப்பதா என்பதைவிட, என்ன நிபந்தனையோடு திறப்பது என்பதே நம் முன்னுள்ள கேள்வி என்று கருதுகிறோம்.

கோலாப்பூர் செருப்பின் கதை இதற்கு நல்ல பாடம். 2025 ஜூனில் மிலான் நகரில் பிராடா நிறுவனம் நடத்திய ஆடவர் ஆடைக் காட்சியில், விளம்பர அழகர்கள் கோலாப்பூர் செருப்பை அச்சாக ஒத்த காலணிகளோடு நடந்தனர். நிறுவனம் அதை வெறும் ‘தோல் செருப்பு’ என்றது. மராட்டியத்தின் 4 மாவட்டங்களுக்கும் கர்நாடகத்தின் 4 மாவட்டங்களுக்கும் பொதுவாக 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பொருள் அது. கண்டனங்கள் எழுந்தன. இந்தியக் கைவினையே தூண்டுதல் என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர்கள் தொடுத்த பொதுநல வழக்கு ஜூலையில் தள்ளுபடியானது. குறியீட்டின் பதிவுபெற்ற உரிமையாளர்கள் அல்லாத பிறர் இவ்வாறு வழக்காட இயலாது என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடு.

இதில் நாம் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. புவிசார் குறியீடு முதன்மையாகக் காப்பது பெயரை. 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், பவானியில் நெய்யாத விரிப்பை ‘பவானி ஜமக்காளம்’ என்று விற்பவரைத் தடுக்கும். ஆனால் பெயரைச் சொல்லாமல் கோடுகளையும் வண்ணங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு ‘கோடிட்ட பருத்தித் துணி’ என்று விற்பவரிடம் அச்சட்டத்தின் பிடி தளர்ந்துவிடும். வடிவமைப்புச் சட்டமோ புதிய வடிவத்தைத்தான் பதிவு செய்யும். தலைமுறை தலைமுறையாக வருவதற்கு அங்கு இடமில்லை. பெயரைத் திருடினால் குற்றம், பெயரை அழித்துவிட்டுப் பொருளின் சாயலை எடுத்தால் குற்றமாகாது என்பது விந்தையான நிலை. குறியீடு கிடைத்த அன்று இனிப்பு வழங்கி நிறைவடைந்துவிடும் நம் வழக்கத்தை இது கேள்விக்குள்ளாக்குகிறது.

கதை அத்தோடு முடியவில்லை. 2025 டிசம்பரில் பிராடா, குறியீட்டின் உரிமையாளர்களான மராட்டிய, கர்நாடக அரசுத் தோல் தொழில் நிறுவனங்களோடு உடன்பாடு செய்துகொண்டது. இரு மாநிலக் கைவினைஞர்களைக் கொண்டு 2,000 ஜோடிகள் செய்யப்படும், ஒரு ஜோடி சுமார் 800 யூரோ, அதாவது 80,000 ரூபாய்க்கு மேல் விற்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. மூன்றாண்டுப் பயிற்சித் திட்டமும் அதில் உண்டு. உள்ளூர்ச் சந்தையில் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கும் செருப்பு அது. சட்டத்தால் நேரடியாகச் சாதிக்க முடியாததை, குரல் எழுப்பிய மக்களும் பேச்சு நடத்த ஒரு முகவரியோடு இருந்த நிறுவனங்களும் சேர்ந்து சாதித்தனர். உரியவர் யார் என்று எழுத்தில் பதிவாகியிருந்ததால்தான் பேசுவதற்கு எதிரில் ஒருவர் இருந்தார். குறியீட்டின் உண்மையான பயன் அதுவே என்று தோன்றுகிறது.

அயலார்தான் இப்படி, நம் நாட்டவர் என்றால் நியாயம் நடக்கும் என்று நினைப்பதற்கும் இடமில்லை. 2021 ஆகஸ்டில் எச் அண்ட் எம், கல்கத்தாவின் புகழ்பெற்ற வடிவமைப்பாளர் சப்யசாச்சி முகர்ஜியுடன் சேர்ந்து ஆடைகளை வெளியிட்டது. 9,999 ரூபாய்ச் சேலை உட்பட எல்லாம் இணையத்தில் சில நிமிடங்களில் தீர்ந்தன. கையச்சின் சாயலைக் கொண்ட வடிவங்கள் ஆலைத் துணியில் அச்சிடப்பட்டிருந்தன. இந்தியக் கைவினையின் புகழைச் சொல்லி விற்கும் வெளியீட்டில் கைவினைஞர்க்கு வேலை எங்கே என்று கைவினை அமைப்புகள் பல சேர்ந்து திறந்த மடல் எழுதின. இந்திய வடிவமைப்பை உலகின் பொதுமக்களிடம் கொண்டுசெல்வதே தம் நோக்கம் என்றும், தம் உயர்விலை ஆடைகளில் கைவினைஞர்களுக்குத் தொடர்ந்து வேலை அளித்துவருவதாகவும் வடிவமைப்பாளர் பதிலளித்தார். இருதரப்பு வாதத்திலும் பொருள் உண்டு. ஆனால் பெருக்கல் குறியின் ஒரு புறத்தில் இந்தியப் பெயர் இருப்பதாலேயே இந்தியத் தறிக்குச் சோறு கிடைத்துவிடாது என்பது அன்று தெளிவாயிற்று.

இனி நம் ஊருக்கு வருவோம். காவிரியும் பவானியும் கூடும் பவானியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இங்கிலாந்துத் துணியின் போட்டியால் நிலைகுலைந்த நெசவாளர்கள் பிழைக்க வழி தேடினர். ஜங்கமர் எனப்படும் சமூகத்தார் தடித்த வண்ண நூலால் விரிப்பு நெய்யத் தொடங்கினர் என்பது வரலாறு. உலக வணிகத்தின் அடியிலிருந்து தப்பிக்கப் பிறந்த பொருள்தான் நாம் இன்று மரபு என்று போற்றும் ஜமக்காளம். மரபு என்பது அசையாமல் கிடப்பது என்று வாதிடுவோர் இதை நினைவிற் கொள்ளவேண்டும். பின்னர் கல்யாண வீடு, கோயில் முற்றம், பஞ்சாயத்து, கச்சேரி என்று நாலு பேர் கூடும் இடமெல்லாம் அது விரிக்கப்பட்டது. அதன்மேல் எல்லோரும் சேர்ந்துதான் உட்கார்ந்தார்கள் என்று சொல்லமாட்டோம். யாருக்கு ஜமக்காளம், யாருக்கு வெறுந்தரை என்ற கணக்கு நம் ஊர்களில் இருந்தது. எனினும் கொங்கு நாட்டின் பொதுவாழ்வு அந்தக் கோடுகளின் மேல்தான் நடந்தது.

1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம், கைத்தறியில் மட்டுமே நெய்யவேண்டிய பொருள்களின் பட்டியலில் ஜமக்காளத்தையும் சேர்த்தது. 2005இல் புவிசார் குறியீடும் வந்தது. இரண்டு காவல் இருந்தும் தறிகள் குறைந்துகொண்டே வருகின்றன. வெளிமாநில விசைத்தறி விரிப்புகள் குறைந்த விலையில் பவானியின் பெயரால் விற்கப்படுவதாக நெசவாளர்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகிறார்கள். கல்யாண மண்டபங்களில் நாற்காலி வந்துவிட்டது. வீடுகளில் பிளாஸ்டிக் பாய் வந்துவிட்டது. குழித்தறியில் கால் தொங்கவிட்டுப் பகலெல்லாம் மிதிப்பவரின் கூலி, பனியன் கம்பெனியில் கிடைக்கும் சம்பளத்துக்கு ஈடாகாதபோது பிள்ளைகள் தறிக்கு வரமாட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல நமக்கு உரிமை இல்லை. இன்று தறியில் இருப்பவர்களில் முதியோரே மிகுதி. அவர்கள் கை ஓய்ந்தால் கற்றுக்கொடுக்கவும் ஆள் இருக்காது. நாம் பேசிக்கொண்டிருப்பது இந்த ஒரு தலைமுறைக் காலத்தைப் பற்றித்தான்.

இந்நிலையில் 2025இல் நிகழ்ந்த ஒன்று நம்பிக்கை தந்தது. துபாயில் வாழும் தமிழ்ப் பெண் வடிவமைப்பாளர் வினோ சுப்ரஜா, லண்டன் ஃபேஷன் வீக் மேடையில் பவானி ஜமக்காளத்தைக் கொண்டு தாம் உருவாக்கியவற்றைக் காட்சிக்கு வைத்தார். பவானியின் முதிய நெசவாளர் ஒருவரையும் உடன் அழைத்துச் சென்று மேடையேற்றினார். பொருளின் பெயரும் ஊரின் பெயரும் மறைக்கப்படவில்லை. நெய்தவர் மேடைக்குப் பின்னால் நிறுத்தப்படவும் இல்லை. மிலானில் நடந்ததோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். தரையில் விரித்தது தோளில் தொங்கலாமா என்று முகம் சுளிப்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. விரிப்பாகப் பிறந்ததும் ஒரு மாற்றம்தானே.

ஆனால் ஒரு நல்ல மாலைப்பொழுது ஒரு தொழிலைக் காப்பாற்றாது. மேடை விளக்கு அணைந்தபின் பவானிக்கு எத்தனை பாவுக்கு வேலை வந்தது, அடுத்த ஆண்டும் வருமா, எந்தக் கூலியில் என்பவைதான் தறிக்காரர் கேட்கும் கேள்விகள். இங்கேதான் கூட்டு வெளியீடு என்னும் முறையின் உள்முரண் வெளிப்படுகிறது. ‘குறைந்த எண்ணிக்கையில் மட்டும்’ என்பது விற்பவர்க்குக் கவர்ச்சி. நெய்பவர்க்கோ அது சில வார வேலையும் அதன்பின் வெறும் தறியும். கோலாப்பூர் உடன்பாட்டின் 2,000 ஜோடிகளைக்கூட இந்தக் கண்ணோடுதான் பார்க்கவேண்டும். பல ஆயிரம் குடும்பங்கள் நம்பியிருக்கும் தொழிலுக்கு அது தொடக்கமாக இருந்தால் நன்று. அதுவே முடிவானால் விளம்பரச் செலவு மட்டுமே.

பெயர் தனியாகப் பயணம் போனால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே இரண்டு சான்றுகள் உண்டு. முதலாவது ‘மெட்ராஸ்’ கட்டம். 1958இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க வணிகர், கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் சாயம் போகும் மெட்ராஸ் கைத்தறித் துணியை வாங்கி, நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குக் கொடுத்தார். குளிர்ந்த நீரில் மெல்ல அலசவேண்டும் என்ற எச்சரிக்கை வாங்குபவர்க்குப் போய்ச்சேரவில்லை. சாயம் ஓடி வழக்கு வரும் நிலை ஏற்பட்டது. அப்போது அந்தக் குறையையே குணமாக்கி, ஒவ்வொரு சலவையிலும் நிறம் மாறும் அதிசயத் துணி என்று விளம்பரம் செய்து வென்றார்கள் என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. துணி புகழடைந்தது. ஆனால் ‘மெட்ராஸ்’ என்பது நாளடைவில் ஒரு கட்டத்தின் பெயராகிவிட்டது. இன்று எந்த நாட்டு விசைத்தறியிலும் ‘மெட்ராஸ்’ நெய்யலாம். ஊருக்குச் சொந்தமான பெயர் ஊரை விட்டே போயிற்று.

இரண்டாவது சான்று கோவையிலேயே பிறந்தது. கோவையின் பருத்தி ஆராய்ச்சி மையத்தில், சுஜாதா என்ற நம் நாட்டு ரகத்தையும் மேற்கிந்தியத் தீவுகளின் செயின்ட் வின்சென்ட் பருத்தியையும் இணைத்து 1974இல் வெளியிடப்பட்டது ‘சுவின்’. இரு பெற்றோரின் முதலெழுத்துகளும் சேர்ந்த பெயர் அது. மிக நீண்ட இழை கொண்டது. உலகின் மிகச் சிறந்த பருத்திகளுள் ஒன்றாக மதிக்கப்படுவது. ஜப்பானில் விலை உயர்ந்த சட்டைகளில் சுவின் என்ற சொல்லே தரத்தின் முத்திரையாக இருக்கிறது. அது விளைந்த நிலமோ சேலம் மாவட்டத்தின் ஆத்தூர்ப் பகுதி. நீண்ட காலப் பயிர், குறைந்த மகசூல், ஆள் கூலி மிகுதி என்பதால் உழவர்கள் வேறு பயிர்களுக்கு மாறிவிட்டனர். சாகுபடி மிகவும் சுருங்கிவிட்டது. உலகின் ஆடம்பரக் கடையில் பெயர் வாழ்கிறது, பிறந்த மண்ணில் செடி அருகி வருகிறது. பெயர் மட்டும் போதாது, விலையில் பங்கும் வந்துசேரவேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

விலை உயர்ந்தால் கூலியும் தானே உயரும் என்போர் இத்தாலியைப் பார்க்கவேண்டும். டியோர் நிறுவனம் 2023 மார்ச்சில் மும்பையின் இந்தியா நுழைவாயில் முன் பெருங்காட்சி நடத்தி, தனக்கு நெடுங்காலமாகப் பூவேலை செய்துதரும் சாணக்யா பட்டறையைப் பெயர் சொல்லிச் சிறப்பித்தது. போற்றத்தக்க செயல். ஓராண்டு கழித்து, 2024 ஜூனில், அதே டியோரின் உற்பத்தித் துணை நிறுவனம் ஒன்றை மிலான் நீதிமன்றம் தன் கண்காணிப்பில் எடுத்தது. ஒப்பந்தப் பட்டறைகளில் நடந்த தொழிலாளர் சுரண்டலைத் தடுக்கத் தவறியது என்பது காரணம். 2,600 யூரோவுக்கு விற்கும் கைப்பை ஒன்று, மூலப்பொருள் நீங்கலாக, 53 யூரோவுக்குச் செய்து வாங்கப்பட்டது என்று வழக்கு ஆவணங்கள் கூறின. கண்காணிப்பு 2025 தொடக்கத்தில் நீக்கப்பட்டது. பெயர் சொன்ன இடத்தில் மதிப்பும், பெயர் சொல்லாத இடத்தில் சுரண்டலும் ஒரே வீட்டின் இரு அறைகளாக இருக்கக்கூடும் என்பது நமக்கான செய்தி.

ஆகவே பெருநிறுவனம் எதுவும் கொங்கு நாட்டுத் தறியை நாடி வரும்போது நாம் முன்வைக்கவேண்டியவை நான்கு என்று எண்ணுகிறோம். முதலாவது, பெயர். வடிவமைப்பாளரின் பெயர் எந்த இடத்தில், எந்த அளவில் அச்சாகிறதோ, அதே இடத்தில் ஊரின் பெயரும் நெய்த சங்கத்தின் பெயரும் வரவேண்டும். இரண்டாவது, பங்கு. கூலி வேறு, பங்கு வேறு. விற்பனை விலையில் ஒரு சிறு விழுக்காடாவது நெசவாளர் சங்கத்துக்குத் திரும்பவேண்டும். மூன்றாவது, தொடர்ச்சி. ஒரு பருவக் காட்சிக்காக வருவோரிடம் சில ஆண்டுகளுக்கான கொள்முதல் உறுதியை எழுத்தில் கேட்கவேண்டும். நான்காவது, நீர். சாயத்தின் கழிவைச் சுத்திகரிக்கும் செலவு விலையிலேயே அடங்கியிருக்கவேண்டும்.

நான்காவதை ஏன் சேர்த்தோம் என்பது நொய்யலைப் பார்த்தவர்க்குப் புரியும். திருப்பூரின் சாயக்கழிவால் ஆறும் வயலும் கெட்டு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. உலகம் மலிவாக உடுத்திய சட்டைகளின் விலையில் ஒரு பகுதியை அந்த ஆற்றங்கரை உழவர்கள் செலுத்தியிருந்தார்கள். கழிவுநீரை வெளியேவிடாத சுத்திகரிப்பை இன்று திருப்பூர் பெருஞ்செலவில் செய்கிறது. மலிவு ஆடைக்கு ஆற்றைக் கொடுத்தோம். ஆடம்பர ஆடைக்கும் அதையே கொடுக்கவேண்டியதில்லை.

இவற்றைக் கேட்டால் அவர்கள் வேறு ஊருக்குப் போய்விடுவார்களே என்ற அச்சம் நியாயமானது. பின்னலாடைக்கு அது பொருந்தும். ஆனால் ஆடம்பரப் பொருளின் நிலை வேறு. பவானி ஜமக்காளம் வேண்டுமென்றால் பவானிக்குத்தான் வரவேண்டும். வேறிடத்தில் கிடைக்காது என்பதே அதன் ஆடம்பரம். பொருளை விற்க உதவும் அந்த அரிமையைப் பேரம் பேசவும் பயன்படுத்தாவிட்டால் தவறு நம்முடையது. தனித்தனி நெசவாளரோ ஒரு சிறு சங்கமோ பாரிசின் வழக்கறிஞர்களோடு ஒப்பந்தம் பேச இயலாது. 1935இல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்சும் கைத்தறித் துறையும் அவர்கள் சார்பில் பேசக் கற்றுக்கொள்ளவேண்டும். தள்ளுபடியும் விருதும் தருவதோடு ஒப்பந்தம் எழுதுவதும் இனி அவற்றின் பணி.

உழைப்பாளிகளின் விரிப்பைப் பணக்காரர்களின் பையாக்குவதா என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். அந்தக் கேள்வியின் நேர்மையை மதிக்கிறோம். ஜமக்காளம் எளியோர் வீட்டிலும் கிடக்கவேண்டும் என்பதே நம் விருப்பமும். ஆனால் எளியோர் வீட்டிலிருந்து அது வெளியேறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கைத்தறிக்குச் செல்லும் நேரத்தின் விலையைத் தர யாரேனும் முன்வந்தால்தான் தறி நிற்காது. தறி நின்றுவிட்டால் விரிப்பும் இல்லை, பையும் இல்லை.

கடைசியாக, வாங்குவோராகிய நம்மைப் பற்றி. கோவையின் குளிரூட்டப்பட்ட வணிக வளாகத்தில் முத்திரை பதித்த சட்டையின் விலையை நாம் கேள்வி கேட்பதில்லை. சங்கக் கடையில் ஜமக்காளத்தையோ கோராச் சேலையையோ எடுக்கும்போது மட்டும் தள்ளுபடி எப்போது என்று கேட்கிறோம். கோ-ஆப்டெக்ஸ் தன் பட்டுச் சேலைகளோடு நெய்தவரின் பெயரும் படமும் கொண்ட அட்டையை இணைத்து விற்றதுண்டு. பாரிசும் மிலானும் பெரும் பொருட்செலவில் தேடும் ‘கதை’ அந்தச் சிறு அட்டையில் இருந்தது. அதை எடுத்துப் படித்த நம்மவர் எத்தனை பேர்?

பெருந்துறை வட்டத்தில் நொய்யலின் கரையில் இருக்கும் கொடுமணலில் 1980கள் தொட்டு நடந்த அகழாய்வுகளில், மணிகள் செய்த பட்டறைகளின் எச்சங்களும் நூல் நூற்ற தக்களிகளும் கிடைத்தன. பதிற்றுப்பத்து ‘கொடுமணம்’ என்று குறிக்கும் ஊர் அது. கொங்கு நாட்டுப் பச்சைக்கல் ரோமானியச் சீமாட்டிகள் விரும்பிய ஆடம்பரப் பொருள். அதே மண்ணில், பானை ஓடுகளில் தமிழ்ப் பிராமி எழுத்தில் கீறப்பட்ட ஆட்பெயர்களும் ஏராளமாகக் கிடைத்தன. மன்னர் பெயர்கள் அல்ல. அங்கே வாழ்ந்து, தொழில் செய்து, உண்டவர்களின் பெயர்கள். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் தம் பானையில் தம் பெயரைக் கீறிவைத்தவர்களின் ஊர்க்காரர்கள் நாம். தாம் நெய்த துணியிலும் அவர்கள் பெயர் இருக்கவேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது.